கைப்பேசி நினைவில் வைக்கட்டும், முடிவை மனிதர் எடுக்கட்டும்

அரிவாள் செல் நோயுடன் பிறந்து, இன்று இருபது, முப்பது, நாற்பது வயதை எட்டியிருப்பவர்கள் எங்கள் புறநோயாளிப் பிரிவில் அண்மைக் காலமாக ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். "கைப்பேசியில் இந்த நோய்க்கென்றே செயலிகள் வந்திருக்கின்றனவாமே, அவற்றைப் பயன்படுத்தலாமா?" உடன் வரும் தாயோ மனைவியோ அண்ணனோ மற்றொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்கிறார்கள். "செயலி இருந்தால் இவ்வளவு தூரம் அடிக்கடி வரவேண்டியதில்லை அல்லவா?" முதல் கேள்விக்கு எங்கள் விடை 'ஆம்' என்பதே. இரண்டாம் கேள்விக்கு 'இல்லை' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நினைவில் வைக்கும் வேலையைச் செயலியிடம் ஒப்படைக்கலாம். இந்தக் காய்ச்சல் ஆபத்தானதா, இந்த வலியோடு வீட்டிலேயே இருக்கலாமா என்று முடிவெடுக்கும் வேலையை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது. இதுவே எங்கள் கருத்து. அதற்கான காரணங்களைக் கீழே விளக்குகிறோம்.

குழந்தைப் பருவத்தின் நினைவு

அரிவாள் செல் நோயுள்ள குழந்தையின் மருத்துவ வரலாறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். அது தாயின் மனத்தில். எந்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டியது, எப்போது இரத்தம் ஏற்றினார்கள், எந்த ஊசி ஒத்துக்கொள்ளவில்லை, எத்தனை மாத்திரை கொடுத்தால் வலி அடங்கும் என்பதையெல்லாம் அவர் வரிசையாகச் சொல்லிவிடுவார். பிள்ளை வளர்கிறது. குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறுகிறது. படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் போகிறது. திருமணமும் ஆகிறது. அந்த நினைவை மட்டும் யாரும் முறையாகக் கைமாற்றித் தருவதில்லை.

இந்த மாற்றக் காலம் ஆபத்தானது. குழந்தைகள் சிகிச்சையிலிருந்து பெரியவர்கள் சிகிச்சைக்கு மாறும் ஆண்டுகளில் அவசரப் பிரிவுக்கு வரும் தேவையும் உயிரிழப்பும் கூடுகின்றன என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. நோய் கடுமையாவது ஒரு காரணம். தொடர்ச்சி அறுந்துபோவது மற்றொரு காரணம். ஒரு செயலி உண்மையில் உதவக்கூடிய இடம் இந்த அறுந்த தொடர்ச்சிதான்.

நோயும் அதன் ஊரும்

இரத்தச் சிவப்பணுக்களில் உயிர்வளியைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அதன் ஒரு சங்கிலியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதே இந்நோயின் மூலம். உயிர்வளியை இறக்கிவைத்தவுடன் மாறுபட்ட ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, வட்டமான அணுவை அரிவாள் வடிவில் வளைத்துவிடுகிறது. வளைந்த அணுக்கள் சிறு இரத்தக் குழாய்களை அடைக்கின்றன. எலும்பைப் பிளப்பதுபோன்ற வலி அதனால் வருகிறது. சாதாரணச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். இந்த அணுக்களோ 10 முதல் 20 நாட்களிலேயே சிதைகின்றன. சோகையும் மஞ்சள் நிறக் கண்களும் அதனால் வருகின்றன.

இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் நீலகிரியில்தான். மலைவாழ் மக்களிடம் செய்த பரிசோதனைகளின் முடிவை லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1952இல் வெளியிட்டார்கள். கூடலூர், பந்தலூர் பகுதிகளிலும் அடுத்துள்ள வயநாட்டிலும் பணியர், குறும்பர், இருளர் முதலான பழங்குடி மக்களிடையிலும் வயநாடன் செட்டி சமூகத்திலும் இந்நோய் இன்றும் காணப்படுகிறது. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்ட தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் உள்ளது. பரிசோதனை ஒரு நாளில் முடிந்துவிடும். நோய் உண்டென்று தெரிந்தவரைக் கவனிக்கும் வேலை அவர் ஆயுள் முழுவதும் நீளும்.

கூடலூர்ப் பகுதிக்கு இன்னொரு தன்மையும் உண்டு. அது மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இடம். வலி வந்தால் ஒருவர் உதகைக்குப் போவார், அல்லது வயநாட்டுக்கும் கோழிக்கோட்டுக்கும் இறங்குவார். சிலர் மைசூருக்குப் போவார்கள். வேலை தேடிக் கோவைக்கும் திருப்பூருக்கும் வந்துவிட்ட இளைஞர்களும் உண்டு. ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு சீட்டு எழுதப்படுகிறது. அந்தச் சீட்டுகள் ஒன்றையொன்று ஒருபோதும் சந்திப்பதில்லை. எல்லா ஊர்களுக்கும் நோயாளியோடு கூடவே போகும் பொருள் அவருடைய கைப்பேசி ஒன்றுதான்.

செயலி நன்றாகச் செய்யும் மூன்று வேலைகள்

முதலாவது, மருந்து. ஹைட்ராக்ஸியூரியா என்னும் மருந்து பெரியவர்களின் வலித் தாக்குதல்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்பது 1995இல் வெளியான பெரிய ஆய்வில் உறுதிப்பட்டது. ஆனால் அது வலி மாத்திரையைப்போல உடனே பலன் காட்டுவதில்லை. முழுப் பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். இன்று விட்டுவிட்டாலும் நாளை எந்த வேறுபாடும் தெரியாது. ஆகவே மறதி எளிதில் வருகிறது. தினமும் ஒலிக்கும் மணியைவிட, "இன்னும் ஐந்து நாளுக்குத்தான் மாத்திரை இருக்கிறது" என்று முன்கூட்டியே சொல்லும் நினைவூட்டல் பயனுள்ளது என்று நாங்கள் கருதுகிறோம். தினமணி சில வாரங்களில் பழகிப்போய்விடும். மாத்திரை தீர்ந்துபோனால் மலையிலிருந்து இறங்கி வரும்வரை மருந்தில்லாமல் இருக்க நேரிடும். இரத்த அணுக்களின் எண்ணிக்கையை எந்தத் தேதியில் பரிசோதிக்க வேண்டும் என்பதையும் அதிலேயே குறித்துவையுங்கள். அந்தப் பரிசோதனை இல்லாமல் இம்மருந்தைத் தொடர்வது பாதுகாப்பன்று. குழந்தைப் பேற்றைத் திட்டமிடும் பெண்களும் ஆண்களும் முன்னதாகவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, வலிக் குறிப்பு. வலி எங்கே வந்தது, பத்துக்கு எத்தனை, எத்தனை மணி நேரம் நீடித்தது, அதற்கு முதல்நாள் என்ன நடந்தது என்ற நான்கு செய்திகள் போதும். மூன்று மாதக் குறிப்பைச் சேர்த்துப் பார்க்கும்போது, தனித்தனியாக நினைத்தால் தோன்றாத ஒழுங்கு கண்ணுக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் நனைந்தபடி வேலை செய்த மறுநாள் ஒருவருக்கு வலி வருகிறது. மாதவிடாயின் முதல் நாளில் இன்னொருவருக்கு. இரவுப் பேருந்தில் தண்ணீர் குடிக்காமல் வந்த பிறகு மற்றொருவருக்கு. இந்நோயில் சிறுநீரகம் நீரைத் தேக்கிவைக்கும் திறனை இழப்பதால் உடல் விரைவில் வறண்டுவிடுகிறது. இத்தகைய காரணம் தெரிந்தால் அதைத் தவிர்க்க வழி தேடலாம். "அடிக்கடி வலிக்கிறது, டாக்டர்" என்ற ஒரு வரியைக்கொண்டு எங்களால் செய்ய முடிவது குறைவு.

மூன்றாவது, அவசர அட்டை. இதை நாங்கள் மூன்றிலும் முக்கியமானதாகக் கருதுகிறோம். நோயின் வகை, வழக்கமான நாட்களில் உள்ள ஹீமோகுளோபின் அளவு, வழக்கமான உயிர்வளி அளவு, இரத்த வகை, முன்பு இரத்தம் ஏற்றிய விவரம், ஒவ்வாத மருந்துகள், நெஞ்சக நோய்த்தாக்கமோ பக்கவாதமோ வந்திருந்தால் அதன் ஆண்டு, முன்பு எந்த வலி மருந்து எந்த அளவில் பலன் தந்தது, யாரை அழைக்க வேண்டும் என்பவை ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஏன் இதை வற்புறுத்துகிறோம்? அரிவாள் செல் வலி கண்ணுக்குத் தெரியாதது. கட்டும் இல்லை, காயமும் இல்லை. ஊடுகதிர்ப் படத்திலும் பல வேளைகளில் ஒன்றும் தெரியாது. நள்ளிரவில், முன்பின் தெரியாத மருத்துவமனையில், கடுமையான வலி மருந்தின் பெயரைத் தானே சொல்லிக் கேட்கும் ஓர் இளைஞரை ஐயத்துடன் பார்க்கும் நிலை உலகின் பல நாடுகளில் பதிவாகியுள்ளது. மருந்துக்கு அடிமையானவரோ என்று நினைத்துவிடுகிறார்கள். அந்நேரத்தில் வாதாடும் வலிமை நோயாளிக்கு இருக்காது. முந்தைய மருத்துவர் கையொப்பமிட்ட ஒரு பக்கம் அவருக்காகப் பேசும். எங்கள் நோயாளிகள் யாருக்கேனும் அந்தப் பக்கம் தேவையெனில் நாங்கள் எழுதித் தருகிறோம். அதைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

செயலியிடம் கேட்கக் கூடாதவை

சில அறிகுறிகளைக் குறித்துக்கொண்டு பொறுத்திருந்து பார்க்கக் கூடாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் காய்ச்சல். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல். கை கால் ஒரு பக்கம் தளர்தல், பேச்சுக் குழறல், கடும் தலைவலி. திடீர்ப் பார்வைக் குறைவு. வயிற்றில் இடப்பக்கம் வீங்கி, உடல் வெளிறிப்போதல். ஆண்களுக்கு வலியுடன் கூடிய விறைப்பு இரண்டு மணி நேரத்தைத் தாண்டுதல். வீட்டிலுள்ள மாத்திரைக்கு அடங்காத வலி. இவற்றில் எது வந்தாலும் கைப்பேசியின் ஒரே பயன் 108ஐ அழைப்பதுதான். விறைப்பைப் பற்றிச் சொல்லக் கூச்சப்பட்டு விடியும்வரை காத்திருப்பவர்கள் உண்டு. காத்திருந்தால் நிலையான பாதிப்பு ஏற்படலாம். கூச்சப்படாதீர்கள்.

பொதுவான உடல்நலச் செயலிகளிடமும் எச்சரிக்கை தேவை. அவை அரிவாள் செல் நோயாளியை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை அல்ல. 'இரத்தசோகை' என்று தட்டினால் இரும்புச்சத்து மாத்திரையைப் பரிந்துரைக்கும். இந்நோயில் சோகைக்குக் காரணம் பொதுவாக இரும்புக் குறைவு அன்று. பலமுறை இரத்தம் ஏற்றியவர்களின் உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுதியாகத் தேங்கியிருக்கக்கூடும். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை உண்ணக் கூடாது. மூட்டு வலிக்குப் பனிக்கட்டி ஒத்தடம் என்று மற்றொரு செயலி சொல்லும். குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வலியைக் கூட்டும் என்பதால் அதுவும் நமக்கு ஆகாது. தண்ணீர் அளவும் அப்படியே. சிறுநீரகமோ இதயமோ பாதிக்கப்பட்டவருக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கைப்பேசி விளக்கின்மேல் விரலை வைத்தால் உயிர்வளி அளவைக் காட்டுவதாகச் சொல்லும் செயலிகளை நம்பி மருத்துவமனைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் சிலர் கேட்பதுண்டு. அறிகுறிகளைப் பதிய ஒன்று, மருந்தை நினைவூட்ட ஒன்று, வலியைத் தாங்கும் மனப்பயிற்சிக்கு ஒன்று எனப் பல செயலிகள் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு ஆராயப்பட்டுள்ளன. பெரும்பாலான ஆய்வுகள் சிறியவை, குறுகிய காலத்தவை. தொடக்கத்தில் ஆர்வத்துடன் பதிந்தவர்கள் வாரங்கள் செல்லச் செல்லப் பதிவதைக் குறைத்துக்கொள்வது அவற்றில் அடிக்கடி காணப்படுகிறது. இதனால் செயலிகள் வீண் என்று நாங்கள் கருதவில்லை. நாள்தோறும் இருபது கேள்விகள் கேட்கும் செயலி நிலைப்பதில்லை. அரை நிமிடத்தில் முடிவதும், அடுத்த முனையில் அதைப் படிக்க ஒருவர் இருப்பதுமான பதிவுதான் நிலைக்கும்.

இந்தக் கைப்பேசி யாருடையது?

ஒரு வீட்டில் ஒரே திறன்பேசி இருந்து, அது கணவரோடு வேலைக்குப் போய்விட்டால், நோயுள்ள மனைவிக்குச் செயலியால் பயனில்லை. எஸ்டேட் பாடிகளில் பல இடங்களில் அலைவரிசை கிடைக்காது. ஆகவே இணையம் இல்லாதபோதும் இயங்கும் செயலியையே தேர்ந்தெடுங்கள். பணியர் மொழிக்குத் தனி எழுத்து வடிவம் இல்லை. எழுதிப் பழகாதவர்களுக்குப் படங்களும் குரல் பதிவும் வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும் எழுத்தை மாற்றிவிட்டால் போதும் என்று செயலியை உருவாக்குவோர் நினைத்துவிடக் கூடாது.

அடுத்தது, இரகசியம். அரிவாள் செல் என்ற சொல் வெளியே தெரிந்தால் திருமணப் பேச்சு நின்றுவிடும் என்று அஞ்சும் குடும்பங்கள் இருக்கின்றன. நோயாளிக்கு மட்டுமன்றி, மரபணுவைச் சுமக்கும் நலமான உடன்பிறந்தோருக்கும் அந்த அச்சம் உண்டு. அதைப் பொருளற்றது என்று நாங்கள் ஒதுக்கமாட்டோம். செயலியை நிறுவுமுன், யார் அதை நடத்துகிறார்கள், உங்கள் தகவலை யாருக்குத் தருவார்கள், வேண்டாமென்றால் அழிக்க முடியுமா என்று கேளுங்கள். நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் எண்ணிம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையை அங்கீகரிக்கிறது. தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் காரணமில்லாமல் கேட்கும் செயலிக்கு மறுப்புச் சொல்லலாம். கைப்பேசிக்குக் கடவுச்சொல் இடுங்கள். அவசர அட்டை மட்டும் பூட்டிய திரையிலும் தெரியும்படி வைக்கலாமா என்பது உங்கள் விருப்பம். உங்களுக்காக அதைத் தீர்மானிக்கும் உரிமை எங்களுக்கும் இல்லை, குடும்பத்தாருக்கும் இல்லை.

பராமரிப்பவர்களுக்கு

வளர்ந்த மகனின் செயலியைத் தாய் தன் கைப்பேசியிலும் பார்த்துக்கொள்ளும் வசதி சிலவற்றில் உண்டு. நல்ல எண்ணத்தோடு செய்யப்படுவதுதான். ஆனால் "நேற்று மாத்திரை போடவில்லையே" என்று காலை ஆறு மணிக்கே தொலைபேசியில் கேட்டால், அடுத்த வாரம் முதல் அவர் உண்ணாத மாத்திரையையும் உண்டதாகவே குறிக்கத் தொடங்குவார். பொய்யான பதிவு பதிவே இல்லாததைவிடத் தீமையானது. நாங்கள் அதைப் பார்த்து மருந்தின் அளவைக் கூட்டிவிடக்கூடும். ஆகவே எதைப் பகிர்வது, எதைப் பகிராமல் விடுவது என்று இருவரும் அமர்ந்து பேசி முடிவுசெய்யுங்கள். வலி பத்துக்கு எட்டைத் தாண்டினால் அண்ணனுக்குச் செய்தி போகட்டும். தினசரி மாத்திரைக் கணக்கு நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையில் இருக்கட்டும். இப்படி ஓர் உடன்பாடு பல வீடுகளுக்குப் பொருந்தும்.

பராமரிப்பவரின் இடத்தைச் செயலி நிரப்பிவிடும் என்று எண்ண வேண்டாம். கண்கள் வழக்கத்தைவிட மஞ்சளாக இருப்பதையும், பேச்சு சோர்ந்திருப்பதையும், "ஒன்றுமில்லை" என்று சொல்லும் குரலில் இருக்கும் பொய்யையும் அறிபவர் நீங்கள்.

எங்கள் பங்கு

நோயாளிகளிடம் பதிவு செய்யுங்கள் என்று சொல்பவர்கள் அந்தப் பதிவைப் படிக்கக் கடமைப்பட்டவர்கள். மூன்று மாதம் வலியைக் குறித்துவைத்து எடுத்து வந்தவரிடம், திரையைப் பாராமலே மருந்துச் சீட்டை நீட்டினால், நான்காம் மாதம் அவர் குறிக்கமாட்டார். அதில் அவர் தவறேதும் இல்லை. செயலிகளுக்குச் செலவிடப்படும் பணத்தில் ஒரு பகுதி, அவற்றைப் படித்து நோயாளியை அழைத்துப் பேசும் செவிலியருக்கும் ஊரளவில் பணியாற்றும் நலப் பணியாளருக்கும் செலவிடப்பட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அழைத்தால் எடுக்க ஓர் ஆள் இல்லாத செயலி, பூட்டிய மருந்தகத்தின் பெயர்ப் பலகையைப் போன்றது.

திறன்பேசி இல்லாதவருக்கு எந்தச் சிகிச்சையும் குறையக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றில் தேதியிட்டு எழுதி வருபவரின் பதிவும் எங்களுக்கு அதே மதிப்புடையது. எழுதத் தெரியாதவர், வலி வந்த நாட்களில் நாட்காட்டியில் ஒரு கோடு போட்டு, மாதம் முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாலும் போதும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரிவாள் செல் நோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அச்சட்டத்தின்கீழ்ச் சான்று பெற விண்ணப்பிக்கும்போதும் இத்தகைய தொடர்ச்சியான பதிவும் பழைய சீட்டுகளும் துணைசெய்யும்.

அடுத்த முறை எங்களைப் பார்க்க வருமுன் ஒன்று செய்யுங்கள். வீட்டில் பெட்டியிலும் பையிலும் கிடக்கும் பழைய சீட்டுகளையெல்லாம், எந்த மாநிலத்து மருத்துவமனை தந்ததாயினும், எந்த மொழியில் இருந்தாலும், ஓரிடத்தில் சேர்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சிறுவயது நோயைப் பற்றித் தாய்க்கு நினைவிருப்பதைக் கேட்டு, அவர் குரலிலேயே பதிவுசெய்துகொள்ளுங்கள். இரண்டையும் எடுத்து வாருங்கள். அவசர அட்டையைச் சேர்ந்து அமர்ந்து எழுதுவோம்.